ஓய்வுகாலச் சேமிப்பைத் தங்கமாக மாற்ற ஆகக் குறைந்தது எவ்வளவு வேண்டும்?

கமக்காரக் குடும்பம் ஒன்றின் கையில் பெருந்தொகைப் பணம் ஒரே தடவையில் வந்து சேர்வது வாழ்நாளில் ஓரிரு முறைதான். எமது குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் கமம் செய்ய, இன்னொருவர் சம்பளத்துக்கு வேலை செய்திருப்பார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கம், தேயிலைத் தோட்டம், பட்டினத்துக் கடை என்று வேலை செய்த இடம் எதுவாகவும் இருக்கலாம். அவருக்கு வயது வந்ததும் ஊழியர் சேமலாப நிதி கிடைக்கிறது. பணம் வந்த செய்தி ஊரில் பரவ முன்னரே ஆலோசனையும் வந்துவிடுகிறது: "காசாக வைத்தால் கரைந்து போகும், பவுணாக வாங்கி வையுங்கள்."

இந்த ஆலோசனையில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மை அல்ல. எவ்வளவு பணம் இருந்தால் தங்கம் வாங்குவது புத்தி, எவ்வளவுக்குக் குறைந்தால் அது நட்டம் என்பதை இந்தப் பாடத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து, பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

1. சட்டம் என்ன சொல்கிறது?

ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. சம்பளத்தில் ஆகக் குறைந்தது 8 வீதத்தை ஊழியரும் 12 வீதத்தை முதலாளியும் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலாளி இன்னும் 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கட்டுகிறார். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம்.

இந்தப் பணம் பணமாகவே கிடைக்கும். அதை நேரடியாகத் தங்கமாக மாற்றித் தரும் ஏற்பாடு எமது சட்டத்தில் இல்லை. எனவே "இவ்வளவு இருந்தால்தான் மாற்றலாம்" என்று அரசாங்கம் விதித்த குறைந்த தொகையும் இல்லை. 1987 இல் சட்டமாக்கப்பட்ட கமக்காரர் ஓய்வூதியமோ மாதாந்தம் சிறுதொகையாகத் தரப்படுவதற்கென வகுக்கப்பட்டது. அது அன்றாடச் செலவுக்கானது. பவுண் வாங்குவதற்கானது அல்ல.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். அங்கே தனிநபர் ஓய்வூதியக் கணக்கிலுள்ள சேமிப்பைத் தங்கமாக வைத்திருக்க வழி உண்டு. 1997 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் பின் தங்கக் கட்டிகளையும் அந்தக் கணக்கில் வைக்கலாம். தங்கம் 99.5 வீதத் தூய்மை உள்ளதாக இருக்க வேண்டும்; அமெரிக்க அரசின் சில நாணயங்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. அதை வீட்டில் வைத்திருக்க முடியாது; அங்கீகாரம் பெற்ற பொறுப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அங்கும் இதற்கென ஆகக் குறைந்த தொகை எதையும் சட்டம் விதிக்கவில்லை. தங்கம் விற்கும் கம்பனிகளே ஆயிரக்கணக்கான டொலர்களைக் குறைந்த தொகையாக வைத்துக்கொள்கின்றன.

காரணம் என்ன? கணக்கைப் பராமரிக்கவும் தங்கத்தைக் காக்கவும் வருடாவருடம் ஒரு கட்டணம் உண்டு. தங்கம் கொஞ்சமானாலும் கட்டணம் பெரும்பாலும் குறைவதில்லை. சிறுதொகை போட்டவரின் சேமிப்பைக் கட்டணமே தின்றுவிடும். நாடு வேறானாலும் இந்தப் பாடம் எமக்கும் பொருந்தும்: சிறு அளவில் தங்கம் வாங்குபவரே விகிதப்படி கூடிய செலவைச் சுமக்கிறார்.

2. கடையில் விடுபடும் பணம்

முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்வோம். எமது நாட்டில் ஒரு பவுண் என்பது 8 கிராம். பிரித்தானியரின் பவுண் நாணயம் ஏறக்குறைய இந்த நிறையுடையது. பெயரும் அதிலிருந்தே வந்தது. சுத்தத் தங்கம் 24 கரட். நகை செய்யும் தங்கம் பெரும்பாலும் 22 கரட். அதாவது 24 பங்கில் 22 பங்கு தங்கம், 2 பங்கு செம்பு முதலிய பிற உலோகம். நகையில் காணப்படும் 916 என்ற இலக்கம் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதைக் குறிக்கும். அது 22 கரட்டுக்குச் சமம்.

இனிக் கணக்கு. விளங்குவதற்காக 22 கரட் பவுண் ஒன்றின் விலை 300,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கூலியும் கழிவும் கடைக்குக் கடை வேறுபடும். அன்றைய இலக்கங்களைக் கேட்டறிந்து நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பவுண் சங்கிலி: தங்கத்தின் விலை 300,000. செய்கூலியும் சேதாரமும் 45,000. நீங்கள் கொடுப்பது 345,000 ரூபா. மறுநாளே விற்கப் போனால் கூலியும் சேதாரமும் திரும்பி வராது. கடைக்காரர் 5 வீதம் கழித்தால் கைக்கு வருவது 285,000. நட்டம் 60,000 ரூபா. போட்ட பணத்தை மீட்கப் பவுண் விலை ஏறக்குறைய 363,000 ஆக ஏற வேண்டும்.

ஒரு பவுண் நாணயம்: தங்கத்தின் விலை 300,000. செய்த செலவு 6,000. கொடுப்பது 306,000. 3 வீதம் கழித்து விற்றால் 291,000 கிடைக்கும். நட்டம் 15,000 ரூபா. விலை 315,500 அளவுக்கு ஏறினாலே முதல் திரும்பிவிடும்.

ஒரு கிராம் மோதிரம்: தங்கத்தின் விலை 37,500. கூலி 7,500. கொடுப்பது 45,000. 5 வீதம் கழித்து விற்றால் 35,625. நட்டம் 9,375 ரூபா. போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எட்டு மோதிரங்கள் வாங்கினால் ஒரு பவுண் சேரும். ஆனால் நட்டம் 75,000 ரூபா. அதே எட்டுக் கிராமை ஒரே நாணயமாக வாங்கியிருந்தால் நட்டம் 15,000 மாத்திரமே. தங்கம் ஒன்றுதான், வாங்கிய விதத்தில் நட்டம் ஐந்து மடங்காகிவிட்டது.

அரைக் கிராமும் ஒரு கிராமும் கடையில் கிடைக்கும். அது கடையின் குறைந்த அளவு. முதுமைக்கான சேமிப்பு என்று வாங்கினால் ஒரு பவுணுக்குக் குறையாமல், நாணயமாகவோ கட்டியாகவோ வாங்க வேண்டும். இதுவே எமது குறைந்த அளவு.

இங்கே ஒரு விடயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். ஓய்வுகாலப் பணத்தில் வாங்கும் நகை பல வீடுகளில் மகளின் சீதனமாகிவிடுகிறது. பிள்ளைக்குக் கொடுப்பது பெற்றோரின் விருப்பம். ஆனால் கொடுக்கப் போவதைக் கொடுக்கப் போவதென்றே எழுதிக்கொள்ளுங்கள். அதை முதுமைக்கான சேமிப்பு என்று கணக்கில் சேர்த்தால், எழுபது வயதில் மருந்துக்குப் பணம் தேடும்போது கணக்கு பிழைத்துப் போகும்.

3. தங்கத்துக்கு முன் செய்ய வேண்டிய மூன்று காரியங்கள்

முதலாவது, கடனை அடைத்தல். குறிப்பாக அடைவில் இருக்கும் நகையை மீட்டல். 100,000 ரூபா அடைவுக் கடனுக்கு வருட வட்டி 18 வீதம் என்று வைத்தால், வருடம் 18,000 ரூபா போய்க்கொண்டிருக்கும். ஒரு பக்கம் பழைய நகைக்கு வட்டி கட்டிக்கொண்டு, மறு பக்கம் கூலி கொடுத்துப் புது நகை வாங்குவது கணக்குக்கு ஒவ்வாது. அடைவிலுள்ள நகையை மீட்பதும் தங்கம் வாங்குவதே. அதற்குச் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, வட்டியும் அன்றோடு நின்றுவிடும். அதைவிட மலிவாகத் தங்கம் வாங்க வழி கிடையாது.

இரண்டாவது, ஒரு போகத்துக்கான செலவு. விதை, உழவு, பசளை, கூலி ஆகியவற்றுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் குத்தகைக் காணியில் பயிரிடுபவர்கள் குத்தகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலபோக மழை தவறினால் அடுத்த போகத்தை இந்தப் பணமே தாங்கும்.

மூன்றாவது, ஆறு மாதச் சீவியம். சாப்பாடு, மருந்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, போக்குவரத்து. இந்தப் பணம் வங்கியின் சேமிப்புக் கணக்கில், கேட்ட நேரம் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இவை மூன்றும் ஏன் முதலில் வரவேண்டும்? தங்கத்தில் நட்டப்படுபவர் அவசரத்தில் விற்பவரே. விலை நன்றாக இருக்கும்போது விற்பதா, பொறுத்திருப்பதா என்று தீர்மானிக்கும் சுதந்திரம் கையில் காசு உள்ளவருக்கே உண்டு. காசில்லாதவரின் தங்கத்துக்கு வாங்குபவரே விலை சொல்கிறார்.

4. இரண்டு குடும்பங்களின் கணக்கு

விளக்கத்துக்காக இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம்.

முதற் குடும்பத்துக்குச் சேமலாப நிதியாகக் கிடைத்தது 16 இலட்சம். கடன் 2 இலட்சம், போகச் செலவு 3 இலட்சம், ஆறு மாதச் சீவியம் 3 இலட்சம். மொத்தம் 8 இலட்சம். மிகுதி 8 இலட்சம். இதில் 306,000 ரூபாவுக்கு ஒரு பவுண் நாணயம் வாங்கலாம். எஞ்சிய 494,000 ரூபாவை நிலையான வைப்பில் இடலாம். தங்கம் மொத்தச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

இரண்டாவது குடும்பத்துக்குக் கிடைத்தது 6 இலட்சம். கடன் ஒன்றரை இலட்சம், போகச் செலவு 2 இலட்சம், ஆறு மாதச் சீவியம் 3 இலட்சம். மொத்தம் ஆறரை இலட்சம். கையிலுள்ளது இதற்கே போதாது. இக்குடும்பம் இப்போது புதிதாகத் தங்கம் வாங்கக் கூடாது. அடைவில் நகை இருந்தால் அதை மீட்பதோடு நிற்க வேண்டும்.

இவற்றிலிருந்து எமக்கு இரண்டு சோதனைகள் கிடைக்கின்றன. ஒன்று: மூன்று காரியங்களுக்கும் ஒதுக்கிய பின் மிஞ்சும் பணத்தில் மாத்திரமே தங்கம் வாங்குவது. இரண்டு: தங்கம் மொத்தச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்ப்பது. ஒரு பவுண் நாணயம் 306,000 ரூபா என்றால் மொத்தச் சேமிப்பு ஆகக் குறைந்தது 15 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாவாக இருக்க வேண்டும். தலைப்பில் கேட்ட கேள்விக்கு, இந்த விலையில் இதுவே விடை. பவுண் விலை ஏறினால் இந்தத் தொகையும் ஏறும்.

ஐந்தில் ஒரு பங்கு என்பது சட்டம் அல்ல. பாதுகாப்புக்காக நாம் வைத்துக்கொள்ளும் வேலி. தங்கத்தின் விலை பாதியாக விழுந்தாலும் மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கே போகும். முழுப் பணத்தையும் தங்கத்தில் போட்டவருக்குப் பாதிச் சேமிப்பே போய்விடும்.

5. தங்கத்தின் விலை விழுமா?

"தங்கம் ஒருநாளும் விழாது" என்பது எம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. உலகச் சந்தையின் வரலாறு வேறு சொல்கிறது. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் தங்கம் 850 டொலர் வரை ஏறியது. 1999 இல் அது 250 டொலர் அளவுக்கு இறங்கியது. அந்த 19 ஆண்டுகளில் டொலரின் மதிப்பு சுமார் 16 ரூபாவிலிருந்து 70 ரூபாவாக உயர்ந்ததால், எமது ரூபாக் கணக்கில் தங்கம் விழுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பெருக்கிப் பாருங்கள்: 13,600 ரூபா 17,500 ரூபாவாகியது, அவ்வளவுதான். அதே காலத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் எத்தனை மடங்கு ஏறின என்பதை அன்று குடும்பம் நடத்தியவர்கள் அறிவார்கள். உச்ச விலையில் வாங்கியவரின் பவுண் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதன் வாங்கும் சக்தியோ குறைந்து போயிற்று.

மீண்டும் 2011 இல் அவுன்ஸ் 1,900 டொலர் அளவுக்கு ஏறி, 2015 இன் இறுதியில் 1,050 டொலர் அளவுக்கு இறங்கியது. இந்த இறக்கத்தின் நடுவே, 2013 இல், எமது நாட்டில் அடைவு வைத்த பலர் நகையை மீட்காமல் விட்டனர். வாங்கிய கடன் நகையின் விலைக்குக் கிட்டியோ கூடியோ நின்றதே காரணம். நகைகள் ஏலத்துக்குப் போயின, வங்கிகளும் நட்டப்பட்டன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 இன் முதற் சில மாதங்களில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாகியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. வங்கியில் ரூபாவாக மாத்திரம் வைத்திருந்தவர்களின் சேமிப்பு கண்முன்னே சுருங்கியது. பவுண் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். பின்னர் 2025 ஒக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது.

ஆகவே தங்கம் வேண்டாம் என்பது எமது முடிவல்ல. ரூபா விழும்போது தங்கம் காக்கும். தங்கம் விழும்போது வைப்பும் பயிரும் காக்கும். ஒரே பயிரை மாத்திரம் நம்பிக் கமம் செய்வதில்லை அல்லவா? சேமிப்பும் அப்படித்தான்.

6. இடம்பெயர்ந்தவர்கள் மறக்கக் கூடாதது

எமது மக்கள் தங்கத்தை நம்புவதற்கு நியாயம் உண்டு. காணியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பவுணை மடியில் கட்டிக்கொண்டு போகலாம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோதும், 2009 இல் வன்னியில் இடம் விட்டு இடம் ஓடியபோதும் கழுத்திலும் காதிலும் கிடந்ததே பலருக்கு மிஞ்சிய சொத்து.

ஆனால் கையோடு கொண்டுபோகக் கூடியது கையிலிருந்து பறிபோகவும் கூடியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் நகைகளையும் பணத்தையும் இழந்தே வெளியேறினார்கள். 1990களின் தொடக்கத்தில் குடாநாட்டில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று விடுதலைப் புலிகள் அறவிட்டதும் நினைவிருக்கும். வளவில் புதைத்துவிட்டுப் போனவர்கள், அந்த வளவு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதால் திரும்ப முடியாமல் நின்றார்கள்.

2009 இல் படையினர் மீட்டெடுத்த நகைகளில் ஒரு தொகுதி, உரியவர்களைக் கண்டறிந்து கொடுப்பதற்கென, 2025 மே மாதத்திலேயே பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று ஒரு தாய் போய் "இந்தச் சங்கிலி என்னுடையது" என்று சொன்னால் அதை எதனால் நிரூபிப்பார்? பற்றுச்சீட்டு, நிறை, அடையாளம், படம் ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும். தங்கத்தைக் காப்பது எவ்வளவு அவசியமோ, அதன் எழுத்தைக் காப்பதும் அவ்வளவு அவசியம்.

7. வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

- ஒரே நாளில் இரண்டு மூன்று கடைகளில் விலையைக் கேளுங்கள். "இன்று வாங்கி நாளை விற்றால் எவ்வளவு தருவீர்கள்?" என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும்.
- பற்றுச்சீட்டில் நிறை, கரட், தங்கத்தின் விலை, கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியே எழுதப்பட வேண்டும். கல் வைத்த நகையில் கல்லின் நிறை தங்கத்தோடு சேர்ந்துவிடாமல் பாருங்கள்.
- பற்றுச்சீட்டின் பிரதியையும் நகையின் படத்தையும் இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டில்; மற்றது வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம்.
- இயன்றால் வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். அதன் வருடக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு பவுணுக்காக மாத்திரம் பெட்டகம் எடுப்பது கட்டாது. குடும்பத்தில் இருவர் மூவர் சேர்ந்து எடுக்கலாம்.
- மாதாமாதம் பணம் கட்டி முடிவில் நகை பெறும் திட்டங்களில் அவதானம் வேண்டும். உரிமம் பெற்ற வங்கியில் உள்ள வைப்புக்கு, 2021 முதல், ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. நகைக் கடையில் கட்டிய பணத்துக்கு அந்தக் காப்புறுதி இல்லை.
- ஆள் சேர்த்தால் தங்கம் தருவதாகச் சொல்லும் பிரமிட் திட்டங்கள் எமது நாட்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. அழைப்பவர் சொந்தக்காரரானாலும் சேராதீர்கள்.

8. குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் அடைவிலுள்ள நகைகளுக்குக் குடும்பங்கள் வருடம் எவ்வளவு வட்டி கட்டுகின்றன? பெயர் சொல்லாமல், தொகையை மாத்திரம் தாளில் எழுதி, மடித்துப் போட்டு, கூட்டிப் பாருங்கள்.
2. உங்கள் குடும்பத்துக்கு ஒரு போகச் செலவு எவ்வளவு? ஆறு மாதச் சீவியத்துக்கு எவ்வளவு? இன்றைய பவுண் விலையை வைத்து உங்கள் ஆகக் குறைந்த தொகையைக் கணியுங்கள்.
3. வீட்டிலுள்ள நகைகளில் எவை முதுமைக்கு, எவை பிள்ளைகளுக்கு? இதைத் தீர்மானிப்பதில் மனைவியின் சொல்லுக்கு எவ்வளவு இடம் உண்டு?
4. கிராமத்துச் சங்கம் ஒன்று சேர்ந்து நகைகளை மீட்க உதவும் சுழற்சி நிதியைத் தொடங்க முடியுமா? அதற்கு முதல் மாதம் எவ்வளவு வேண்டும்?

இரண்டாம் கேள்விக்கான விடையை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். "பவுண் வாங்குங்கள்" என்று அடுத்தவர் சொல்ல வரும்போது, முதலில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.